வாசலுக்கு வரும் லொறி

2019ஆம் ஆண்டு மே மாதம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நான் அப்போது ஆறாம் தரம். வவுனியாவில் இருக்கும் சாச்சி வீட்டுக்கு உம்மாவுடனும் உம்மும்மாவுடனும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஏ9 வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். எங்கள் முறை வந்தபோது ஒரு சிப்பாய் என் பையைத் தரையில் வைத்துத் திறக்கச் சொன்னார். கொப்பிகள், கொம்பாஸ் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கடைசியில் இருந்தது இடியப்பப் பெட்டி. நான் அதன் மூடியில் கை வைத்ததும் அவர் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் என் இடியப்பத்துக்குப் பயந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறியதும் அழுதுவிட்டேன். உம்மும்மா என் தலையைத் தடவிக்கொண்டே, "அவனுக்கும் பயம்தானே மகள். உங்கட அப்பாட லொறியையும் ஒரு காலத்தில இப்படித்தான் மறிச்சுக் கிண்டினவங்க. முந்திச் சிரிச்சுக் கை காட்டி அனுப்பினவங்கதான்" என்றார்.

அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்காகப் பேசாமல் அந்தச் சிப்பாய்க்காகப் பேசுகிறாரே என்று கோபம் வந்தது. இந்த வருடம் அரசியல் விஞ்ஞான ஒப்படைக்காக அமைதி காக்கும் படைகள் பற்றி வாசித்தபோதுதான் உம்மும்மா சொன்னதன் பொருள் விளங்கியது. வெடிமருந்து ஏற்றிய வாகனத்தை ஒருவர் தன் உயிரையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு அமைதிப்படையின் வாசலுக்குள் போகிறார். அது ஏன் நடக்கிறது? அதற்குப் பிறகு அந்த ஊர் மக்களுக்கு என்ன நடக்கிறது? வாசித்து விளங்கியதையும் எங்கள் வீட்டில் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அமைதிப்படையின் வாசல்

சாதாரண இராணுவத்துக்கும் அமைதி காக்கும் படைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பார்ப்போம். ஐக்கிய நாடுகள் சபை இதற்கு மூன்று அடிப்படை விதிகளைச் சொல்கிறது. சண்டையிட்ட தரப்புகளின் சம்மதத்தோடு வர வேண்டும். எந்தப் பக்கமும் சாயக் கூடாது. தன்னையும் தனக்கு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பையும் காப்பதற்கு அல்லாமல் ஆயுதத்தைப் பாவிக்கக் கூடாது. நீலத் தொப்பியும் வெள்ளை வாகனமும் இந்த மூன்று விதிகளின் அடையாளங்கள். "நாங்கள் உங்கள் எதிரிகள் அல்லர்" என்று தூரத்திலிருந்தே தெரிவிப்பதற்காகவே அந்த நிறங்கள்.

ஆகவே அமைதிப்படையின் முகாம் கோட்டை போல இருக்க முடியாது. முறைப்பாடு சொல்ல மக்கள் வர வேண்டும். காயப்பட்டவர்கள் மருந்துக்கு வர வேண்டும். தண்ணீர் பவுசரும் மரக்கறி வண்டியும் தினமும் உள்ளே போய் வர வேண்டும். வாசல் திறந்திருப்பதும், காவலில் நிற்பவர் சட்டென்று சுடாமல் இருப்பதும் அந்தப் பணியோடு சேர்ந்தவை. குண்டு வாகனத்தை அனுப்புகிறவர்கள் முதலில் கணக்கெடுப்பது இந்த இரண்டையும்தான்.

பெய்ரூத், 1983

இதை உலகம் முழுவதும் திடுக்கிட்டுப் பார்த்தது லெபனானில். 1982இல் அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் படைகள் பன்னாட்டுப் படை என்ற பெயரில் பெய்ரூத்துக்கு வந்தன. பிறகு பிரித்தானியாவும் சேர்ந்துகொண்டது. சப்ரா, ஷத்தீலா அகதி முகாம்களில் பலஸ்தீன மக்கள் படுகொலை செய்யப்பட்ட பின்னர், தலைநகரில் அமைதி நிலவ உதவுவதே அவற்றின் வேலை எனப்பட்டது. தொடக்கத்தில் ஊர் மக்கள் நல்ல முகத்தோடுதான் வரவேற்றார்கள். 1983 செப்டெம்பரில் அமெரிக்கக் கப்பல்கள் லெபனான் அரச படைக்கு ஆதரவாக மலைப்பகுதி மீது பீரங்கி சுட்டன. ஒரு பக்கமும் சாராதவர்கள் என்ற பெயர் அதோடு போயிற்று.

1983 ஒக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. மஞ்சள் நிற மேர்சிடிஸ் லொறி ஒன்று விமான நிலையத்துக்கு அருகே அமெரிக்கக் கடற்படைப் பிரிவினர் தூங்கிக்கொண்டிருந்த கட்டடத்தை நோக்கி வந்தது. வாகனத் தரிப்பிடத்தில் சுற்றி, வேகமெடுத்து, முட்கம்பியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. காவலில் நின்றவர்களின் துப்பாக்கிகளில் ரவைக்கூடு மாட்டப்பட்டிருக்கவில்லை. அமைதிப் பணியில் தவறுதலாகச் சூடு நடந்துவிடக் கூடாது என்பதற்கான கட்டளை அது. அவர்கள் ரவையை ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 241 அமெரிக்கர்கள் இறந்தார்கள். சில நிமிடங்களில் பிரெஞ்சுப் படையினரின் கட்டடமும் தாக்கப்பட்டு 58 பேர் இறந்தார்கள். சில மாதங்களில், 1984இன் தொடக்கத்திலேயே, அந்தப் படைகள் லெபனானை விட்டுப் போய்விட்டன. உள்நாட்டுப் போரோ 1990 வரை நீடித்தது.

உலகத்தின் பல இயக்கங்கள் இதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டன. ஒரு லொறியும் சாகத் துணிந்த ஒரு சாரதியும் போதும், ஒரு வல்லரசின் படையை ஒரு நாட்டிலிருந்து அனுப்பிவிடலாம் என்பதே அந்தப் பாடம். அது நம் நாட்டுக்கு வருவதற்கு நான்கு வருடங்கள்கூட ஆகவில்லை.

இருபத்தைந்து நாட்கள்

1987 ஜூலை 5ஆம் திகதி வடமராட்சி நெல்லியடியில், பாடசாலைக் கட்டடத்தில் இருந்த இலங்கை இராணுவ முகாமுக்குள் விடுதலைப் புலிகளின் உறுப்பினர் மில்லர் வெடிமருந்து லொறியை ஓட்டிச் சென்று வெடிக்க வைத்தார். புலிகளின் முதலாவது தற்கொலைத் தாக்குதல் அது. பிள்ளைகள் படிக்க வேண்டிய பள்ளிக்கூடம் முகாமாகி, பிறகு குண்டுக்கு இலக்காகி உடைந்ததை மாணவிகளாகிய நாம் தனியாக நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு இருபத்துநான்காம் நாள், ஜூலை 29இல், இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த நாளே இந்திய அமைதி காக்கும் படை பலாலிக்கு வந்து இறங்கியது. அது ஐ.நா. படை அல்ல. இரு நாடுகள் செய்த உடன்படிக்கையின் கீழ் வந்த படை. ஆனாலும் எங்கள் மண்ணில் கால் வைத்த பெரிய அமைதிப்படை அதுதான். வன்னியில் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று எல்லா இடங்களிலும் அது நிலைகொண்டது.

எங்கள் குடும்பம் முல்லைத்தீவு நீராவிப்பிட்டியைச் சேர்ந்தது. உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றே சொல்வோம். அவரிடம் ஒரு பழைய லொறி இருந்தது. நெல்லும் கருவாடும் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போய், திரும்பும்போது கடைச் சாமான் ஏற்றி வருவார். அமைதிப்படை வந்த புதிதில் வழியில் நின்ற சிப்பாய்கள் லொறியைப் பார்த்தால் கை காட்டி அனுப்பிவிடுவார்களாம். அவர்களில் வட இந்திய முஸ்லிம் ஒருவர் இருந்திருக்கிறார். அப்பாவின் தொப்பியைக் கண்டதும் சலாம் சொல்லி, "சாச்சா" என்று கூப்பிடுவாராம். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு உருது தெரியாது. அந்தச் சலாமும் "சாச்சா" என்ற ஒரு சொல்லும்தான் இருவருக்கும் பொது. அப்பா அவருக்காகச் சில நாட்களில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோவாராம்.

இந்த நல்லுறவு நெடுநாள் நிற்கவில்லை. செப்டெம்பர் 26இல் திலீபன் உண்ணாவிரதமிருந்து இறந்தார். ஒக்டோபர் 5இல் குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிரண்டு பேர் பலாலியில் தடுப்பில் இருந்தபோது சயனைட் அருந்தி இறந்தார்கள். ஒக்டோபர் 10இல் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கியது. ஒக்டோபர் 21இல் அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகள், வைத்தியர்கள், தாதியர் என 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அமைதி காக்க வந்த படை சண்டையில் ஒரு தரப்பாக மாறியது. சம்மதம் போயிற்று, நடுநிலை போயிற்று. முன்பு சொன்ன மூன்று விதிகளில் இரண்டு முறிந்தபின் மூன்றாவது எப்படி நிற்கும்?

கண்ணிவெடியும் குண்டு லொறியும்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நெல்லியடியில் குண்டு லொறியை ஓட்டிய அதே இயக்கம், அடுத்து வந்த இரண்டரை வருடங்களில் அமைதிப்படையின் முகாம்களுக்கு அப்படி லொறிகளை அனுப்பவில்லை. கரும்புலிகளின் பட்டியலில் மில்லருக்கு அடுத்த பெயர்கள் 1990 ஜூலையில், வல்வெட்டித்துறைக் கடலில் கடற்படைக் கப்பலைத் தாக்கியவர்களோடுதான் வருகின்றன. அப்போது அமைதிப்படை போய்விட்டது.

காரணம் நிலத்தில் இருக்கிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். குண்டு லொறிக்கு ஒரே இடத்தில் பலர் கூடியிருக்கும் கட்டடமும் அதுவரை போகும் வீதியும் வேண்டும். வன்னியில் அமைதிப்படை காட்டுக்குள் தேடிப் போன படை. 1988இல் செக்மேட் என்ற பெயரில் முல்லைத்தீவுக் காடுகளில் பெரிய நடவடிக்கை நடந்தது. நித்திகைக்குளம், அலம்பில் பக்கங்களில் சிறு சிறு அணிகளாக நடந்துபோன சிப்பாய்களை லொறியால் தாக்க முடியாது. அங்கே பாதையில் புதைத்த கண்ணிவெடியும் மரத்துக்குப் பின்னாலிருந்து வரும் சூடும்தான் ஆயுதங்கள். 1990 மார்ச் 24இல் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறும்போது அமைதிப்படை சுமார் 1,200 பேரை இழந்திருந்தது. அந்தக் காலத்தில் இறந்த தமிழ் மக்களும் ஆயிரக்கணக்கில்.

குண்டு லொறி வராவிட்டாலும் லொறிகள் மீதான நம்பிக்கை போய்விட்டது. வீதியில் கண்ணிவெடி வெடிக்கத் தொடங்கியதும் சாவடியில் அப்பாவை இறக்கிவிட்டு, நெல் மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். பிறகு மூட்டைகள் எல்லாவற்றையும் இறக்கி ஏற்றச் சொன்னார்கள். "சாச்சா" என்று கூப்பிட்டவரும் ஒரு நாள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றாராம். அவருடைய தோழர்கள் சிலர் அதற்கு முந்தைய வாரம் இறந்திருந்தார்கள். அன்றைக்குச் சலாம் சொல்லவில்லை. அப்பா கொண்டுபோன வாழைப்பழத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து உம்மும்மாவிடம் கொடுத்தாராம். "முந்திச் சிரிச்சுக் கை காட்டி அனுப்பினவங்கதான்" என்று உம்மும்மா சொன்னது இவர்களைத்தான்.

மாங்குளம்

அமைதிப்படை போய் மூன்று மாதங்களில் மீண்டும் போர். 1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள் வீடு, கடை, பள்ளிவாசல், வயல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். எங்கள் ஊரும் அப்படித்தான் வெறுமையானது. லொறியின் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள் என்று உம்மும்மா சொல்வார். அப்பா திறப்பைக் கொடுத்துவிட்டு, மூன்று பிள்ளைகளோடு வவுனியா வழியாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மாதம், 1990 நவம்பர் 23இல், மாங்குளம் இராணுவ முகாமுக்குள் வெடிமருந்து லொறி ஒன்று புகுந்தது. கரும்புலி போர்க் என்பவர் அதை ஓட்டினார். முகாம் அதன்பின் வீழ்ந்தது. புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைக் கேட்ட அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "எந்த லொறியோ?" என்று மட்டும் கேட்டாராம். அதன் பிறகு எங்கேயும் குண்டு லொறி வெடித்த செய்தி வந்தால், அவர் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாராம்.

அப்பா 2004இல் மௌத்தானார். நான் அவரைக் கண்டதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஒரு மனிதன் உழைத்துச் சம்பாதித்த வண்டி, ஊருக்கு நெல் ஏற்றிய வண்டி, எவரையாவது கொல்லப் போயிருக்குமோ என்ற நினைப்போடு அவர் பதினான்கு வருடம் வாழ்ந்திருக்கிறார்.

அமைதிப்படை போன பிறகும் அதன் கணக்கு முடியவில்லை. 1991 மே 21இல் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில், அந்தப் படையை அனுப்பிய முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு பெண் தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். கையில் மாலையோடு வந்து, காலைத் தொடுவது போலக் குனிந்து வெடித்த குண்டு அது. பெய்ரூத்தில் திறந்த வாசலைப் பயன்படுத்தினார்கள் என்றால், ஸ்ரீபெரும்புதூரில் மரியாதை செய்யும் வழக்கத்தைப் பயன்படுத்தினார்கள்.

வெள்ளை வாகனத்தின் சாயம்

இந்த வழிமுறை எங்கள் நாட்டோடு நிற்கவில்லை. 2003 ஓகஸ்ட் 19இல் பக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் இயங்கிய கெனால் ஹோட்டலின் பக்கத்தில் ஒரு லொறி வெடித்தது. செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி சேர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். மக்கள் அஞ்சாமல் வந்துபோக வேண்டும் என்பதற்காக அந்த அலுவலகம் தன் வாசலில் கடுமையான இராணுவக் காவலை விரும்பவில்லை. அடுத்த மாதமும் ஒரு தாக்குதல் நடக்க, ஐ.நா. தன் ஊழியர்களில் பெரும்பாலானவர்களை ஈராக்கிலிருந்து வெளியே எடுத்தது. ஓகஸ்ட் 19ஐ உலக மனிதாபிமான தினமாக நாம் நினைவுகூர்வது இதனால்தான்.

2009 செப்டெம்பர் 17இல் சோமாலியாவின் மொகதிஷு விமான நிலையத்தில் இருந்த ஆபிரிக்க ஒன்றியப் படையின் தலைமையகத்துக்கு இரண்டு வாகனங்கள் வந்தன. அவற்றில் ஐ.நா. அடையாளம் இருந்தது. காவலாளிகள் விட்டார்கள். அல் ஷபாப் இயக்கத்தின் அந்தத் தாக்குதலில் படையின் துணைத் தளபதியான புருண்டி நாட்டு மேஜர் ஜெனரல் உட்பட, 17 அமைதிப்படையினர் இறந்தார்கள். "நாங்கள் உங்கள் எதிரிகள் அல்லர்" என்று சொல்வதற்காக வைத்த நிறமும் எழுத்துமே அங்கே குண்டின் போர்வையாயின.

2016 பெப்ரவரி 12இல் மாலி நாட்டின் கிடால் நகரில் ஐ.நா. முகாமுக்குள் குண்டு வாகனம் புகுந்ததில் கினி நாட்டு அமைதிப்படையினர் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதே மாலியில் 2018இலிருந்து நம் நாட்டுப் படையினரும் இருந்தார்கள். பாலைவன வீதிகளில் உணவும் எரிபொருளும் கொண்டுபோகும் லொறித் தொடர்களுக்குக் காவல் போவது அவர்களுடைய வேலை. 2019 ஜனவரி 25இல் டுவென்சா என்ற ஊருக்கு அருகே அவர்களுடைய வாகனம் வெடியில் சிக்கி, இரண்டு இலங்கையர் இறந்தார்கள். அது குண்டு லொறியல்ல, வீதியோரத்தில் வைக்கப்பட்ட வெடி. வன்னிக் காட்டுப் பாதைகளில் இந்தியச் சிப்பாய்கள் பயந்து பயந்து நடந்ததைப் போலவே, முப்பது வருடம் கழித்து நம் நாட்டுச் சிப்பாய்கள் இன்னொருவருடைய ஊரில் போயிருக்கிறார்கள். மாலியில் அந்த ஐ.நா. படை 2013 முதல் 2023 வரை இருந்தது. அதில் பணிசெய்த 300க்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில் இறந்தார்கள். அவர்களில் சாட், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்களும் அதிகம்.

அமைதிப்படைகள் எல்லாம் குற்றமற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியைப் பற்றி மேலே எழுதினேன். ஹெயிட்டியில் பெண்களையும் சிறுமிகளையும் பாலியல் ரீதியாகச் சுரண்டிய குற்றச்சாட்டில் 2007இல் நம் நாட்டுப் படையினர் 100க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மக்களின் நம்பிக்கையைக் காவலுக்கு வந்தவர்களும் உடைக்கிறார்கள். அதற்கு விசாரணை வேண்டும், தண்டனை வேண்டும். குண்டு வாகனமோ குற்றவாளியையும் குற்றமற்றவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. குற்றத்தை முறையிட மக்கள் போக வேண்டிய வாசலையும் அது சேர்த்து மூடிவிடுகிறது.

காவலில் நிற்பவரின் கணக்கு

ஒரு வாகனம் வேகமாக வருகிறது. காவலில் நிற்பவருக்குக் கிடைப்பது சில வினாடிகள். உள்ளே இருப்பது பிரசவ வலியோடு வரும் தாயா, தடுப்புச் செயலிழந்த லொறியா, குண்டா? சுட்டால் நிரபராதி ஒருவர் சாகலாம். சுடாவிட்டால் பின்னால் தூங்கும் நூறு பேர் சாகலாம். குண்டு வாகனத்தை அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் அவர் தலையில் ஏற்றிவைக்கிறார்கள். ஒரு முறை ஏறினால் அது இறங்குவதில்லை.

பிறகு நடப்பவை எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மதில் உயர்கிறது. மண் நிரப்பிய பீப்பாய்கள் வீதியில் குறுக்கும் மறுக்குமாக வைக்கப்படுகின்றன, வாகனம் வளைந்து வளைந்து மெதுவாகத்தான் வர முடியும். முகாம் வீதியிலிருந்து தள்ளிப் போகிறது. சிப்பாய்கள் கால்நடையாக ஊருக்குள் வருவதை நிறுத்தி, கண்ணாடி மூடிய கவச வாகனத்தில் போகிறார்கள். ஊர் மக்களின் முகம் அவர்களுக்குத் தெரியாமல் போகிறது, அவர்களின் முகமும் மக்களுக்குத் தெரியாமல் போகிறது. அறிமுகமில்லாத முகங்களுக்கிடையில் பயம் சுலபமாக வளரும்.

வன்னி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் லொறிக் குண்டு வெடித்து 91 பேர் இறந்தார்கள். அந்தக் காலங்களில் வவுனியாவில் பாஸ் இல்லாமல் நடமாட முடியாது. ஓமந்தைச் சாவடியில் லொறிகளில் இருந்த ஒவ்வொரு பெட்டியையும் இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். மரக்கறி வெயிலில் வாடியது, நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். 2009 பெப்ரவரி 9இல் விசுவமடுவில், போரிலிருந்து தப்பி வந்த மக்களோடு மக்களாக வந்த ஒரு பெண் குண்டை வெடிக்க வைத்தார். படையினரும் பொதுமக்களும் இறந்தார்கள். அதற்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையால் வந்த ஒவ்வொரு தாயும் முதலில் சந்தேகத்துக்கு உரியவளானாள்.

காவலுக்கு நிற்பவர்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வன்னியில் உதாரணம் உண்டு. 2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று அரசு அறிவித்ததும், ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டார்கள். அங்கே குண்டு வாகனம் எதுவும் அவர்களைத் துரத்தவில்லை. ஆனால் மிஞ்சியவர்களின் நிலை ஒன்றுதான். போக வேண்டாம் என்று மக்கள் அலுவலக வாசலில் கூடி நின்று மன்றாடினார்கள். அடுத்த மாதங்களில் அந்த மக்கள் பட்டதை உலகம் அருகிலிருந்து பார்க்கவில்லை. அந்த விலகலை ஐ.நா.வின் உள்ளக விசாரணைக் குழுவே 2012இல் கடுமையாக விமர்சித்தது.

எங்களைப் பற்றியும்

பெற்றோர்களும் தோழியரும் மனதில் கேட்கக்கூடிய ஒன்றையும் எழுதாமல் விடக் கூடாது. இன்று இந்த வழிமுறையைப் பல இயக்கங்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்கின்றன. கரும்புலிகள் எந்த மார்க்கத்தின் பெயராலும் செய்யவில்லை. ஆகவே இது ஒரு மதத்தின் கண்டுபிடிப்பு அல்ல, கையிலிருந்து கைக்கு மாறிய ஒரு போர் வழிமுறை என்பது தெளிவு. ஆனால் அந்த விளக்கத்தோடு நாம் நின்றுவிட முடியாது. தன்னுயிரை மாய்ப்பதை இஸ்லாம் தடுத்திருக்கிறது. ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொன்றதற்கு ஒப்பானது என்று நாம் சிறு வயதிலிருந்தே ஓதிப் படிக்கிறோம். உடன்படிக்கையின் பாதுகாப்பில் இருப்பவரைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாக எச்சரித்தார்கள். அமைதிப்படை உடன்படிக்கையின் பேரில் வருகிறது. தண்ணீர் லொறி போலவும் ஐ.நா. வாகனம் போலவும் வேடமிட்டு வருவது அந்த அமானிதத்தின் மீது நடக்கும் மோசடி. இதை நாமே வாய் திறந்து சொல்ல வேண்டும், பிறர் கேட்டபிறகு அல்ல.

2019 ஏப்ரல் 21இல் 260க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு வந்தவன் தோளில் ஒரு பையோடு வந்தான். ஞாயிறு வகுப்பு முடித்து முற்றத்தில் நின்ற சிறுவர்கள் இறந்தார்கள். என் வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஏ9 வீதியில் அந்தச் சிப்பாய் என் பையைப் பார்த்து ஏன் பின்னால் போனார் என்று எனக்கு இப்போது தெரியும். அவர் கண்ணில் என் பை தெரியவில்லை, அந்தப் பை தெரிந்தது. என்னை அழவைத்தவர்களில் முதல் ஆள் அந்தப் பையைச் சுமந்து வந்தவன்தான்.

இதனால் அந்த வருடத்தில் எங்கள் பர்தாவுக்காக எங்களை அவமதித்த எல்லாரும் சரியென்று ஆகிவிடாது. பயம் வேறு, பயத்தைச் சாட்டாக வைத்து ஒரு சமூகத்தையே தண்டிப்பது வேறு. முதலாவதை விளங்கிக்கொண்டால்தான் இரண்டாவதை உறுதியாக எதிர்த்துப் பேச முடியும் என்று நினைக்கிறேன். சந்தேகப்படுகிறவர் கேட்கும் கேள்விக்கு நாம் பதில் சொல்லிப் பழக வேண்டும். அதேபோல, நம் வீட்டு வாசலுக்கு வரும் அயலவர் மீது நாம் வைத்திருக்கும் சந்தேகத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சென்ற விடுமுறையில் உம்மும்மாவோடு மாங்குளம் சந்தியில் பஸ் மாறக் காத்திருந்தேன். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று வந்தது. சந்தியில் கொஞ்சம் மெதுவாகி, திரும்பி, வவுனியாப் பக்கம் போனது. சாரதி கையை வெளியே விட்டுச் சந்தியில் நின்ற யாருக்கோ காட்டினார். உம்மும்மா அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தரும் மறிக்கல்ல, பார்த்தியா மகள்" என்றார்.

பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறினோம்.